கண்ணெதிரே கலக்கும் சர்பத்

பகல் பதினொரு மணிக்கே திருவண்ணாமலையின் செங்கம் சாலை கொதிக்கிறது. ரமணாசிரமத்தைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் மரநிழலில் ஒரு சர்பத் வண்டி. நன்னாரிப் பாகு நிறைந்த கண்ணாடி பாட்டில்கள், ஈரத்துணிக்கடியில் எலுமிச்சை, ஊறிப் பருத்த சப்ஜா விதை, சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டி, கீழே கோலி சோடா பெட்டி.

வண்டிக்கார அக்கா எடுத்தவுடன் கலக்கிவிடுவதில்லை. ஆட்டோக்காரரைப் பார்த்து, “தம்பி, சோடாவா தண்ணியா? உப்பு போடட்டுமா?” என்கிறார். அடுத்து நின்ற காவி உடுத்த முதியவரிடம், “சாமி, இருமல் இன்னும் விடலியே, ஐஸ் வேணாம். பானைத் தண்ணி ஊத்துறேன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். “மொதல்ல உக்காருங்க சார்.”

அளவுக்கரண்டி கிடையாது. டம்ளரின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பாகு, விரலிடுக்கில் கொட்டை தங்கும்படி பிழிந்த அரை எலுமிச்சை, ஒரு கரண்டி சப்ஜா, நொறுக்கிய ஐஸ். பிறகு சோடா பாட்டிலின் வாயில் மரக்கட்டையை வைத்து ஒரு அழுத்து. ‘டப்’ என்று கோலி உள்ளே விழுகிறது. நுரை விளிம்பைத் தொடும் இடத்தில் கை தானாக நிற்கிறது. உள்ளிருக்கும் வாயுவே கோலியை ரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடி வைக்கும் இந்த பாட்டிலுக்கு ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை வாங்கினார். பாட்டிலை அக்கா எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சாய்க்கிறார். கழுத்திலுள்ள குழிவில் கோலி தங்கிக்கொள்ளும், உருண்டு வந்து வாயை அடைக்காது.

நன்னாரி வேரின் நடுத்தண்டை நீக்கிவிட்டு மேல்பட்டையை இடித்து, ஊற வைத்து, காய்ச்சிச் சர்க்கரை சேர்த்துப் பாகெடுக்கிறார்கள். வேர் மணத்தில் வெனிலா சாயல் அடிப்பது நம் பிரமை அல்ல. அந்த மணத்தைத் தரும் பொருளும் வெனிலின் என்ற பொருளும் வேதியியலில் ஒரே வாய்பாடு கொண்டவை, அணுக்கள் அமர்ந்திருக்கும் இடம்தான் வேறு.

இப்படிக் கண்ணெதிரே கலக்கும் வழக்கம் லண்டனிலும் உண்டு. டியூக்ஸ் ஓட்டலின் மதுக்கூடத்தில் மார்ட்டினி என்னும் கலப்பு மதுவை மேசையருகே தள்ளுவண்டியைக் கொண்டுவந்துதான் கலக்குகிறார்கள். குவளையும் ஜின்னும் முன்பே உறையக் குளிர்ந்திருக்கும், ஐஸ் சேர்ப்பதில்லை. ஒருவருக்கு இரண்டுக்கு மேல் தருவதில்லை என்பது அங்கே பேர்போன வழக்கம். இங்கே அக்காவும் சாமிக்கு ஐஸை மறுத்துவிட்டார். குடிப்பவரின் கண்ணெதிரே, அவர் உடம்பறிந்து கலக்கித் தரும் கைத்திறனுக்கு அங்கே கிடைக்கும் மரியாதை இந்த வண்டிக்கும் கிடைக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். குளிர்பெட்டியில் மூடி இறுகிக் கிடக்கும் பாட்டில் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

சர்பத்தைக் குடித்துவிட்டு உள்ளே போனால், பதினொன்றரைக்கு ஆசிரமத்தில் பந்தி. தரையில் வரிசையாக இலை. இங்கே ஆளைப் பார்த்து அளவு மாறாது. தனக்கென்று தனியாக எதையும் வைக்க பகவான் ரமணர் விட்டதில்லை. எல்லோருக்கும் கிடைப்பதே தனக்கும் என்பதில் அவர் வைத்த கண்டிப்பைப் பழைய அடியார்கள் நிறையவே எழுதி வைத்திருக்கிறார்கள். விடியுமுன்னே சமையற்கட்டுக்குப் போய்க் காய் நறுக்கி, சட்னி அரைத்தவர் அவர். பசிக்கு எதைக் கொடுக்கிறோம் என்பதோடு எப்படிக் கொடுக்கிறோம் என்பதையும் பார்த்தவர். வெளியே ஆளுக்கொரு கலவை, உள்ளே எல்லோருக்கும் ஒரே வாளி. இரண்டிலும் கொடுப்பவரின் கவனம் பெறுபவர் மேலேயே இருப்பதை அன்று நேரிலேயே பார்த்தேன்.

சாம்பார், ரசம் முடிந்து மோர் வந்தது. எதிர்வரிசையில் ஒரு வெளிநாட்டுப் பெண். மோர் இலை தாண்டி ஓடிவிடுமோ என்று தயங்கினார். பக்கத்திலிருந்த அம்மாள் தன் சோற்றில் குழி பறித்து, சுற்றிலும் கரை கட்டிக் காட்டினார். பரிமாறுபவர் அவசரப்படுத்தவில்லை. அந்தப் பெண் கரை கட்டி முடிக்கும்வரை வாளியோடு நின்று, குழி நிறைய ஊற்றிவிட்டு, “இன்னும் கொஞ்சம்?” என்றார்.