கொரிய இல்லத்தில் விருந்தினராய்

விருந்தினரை உபசரித்தல் வீட்டாரின் கடமை என்பதை நாம் நன்கு அறிவோம். விருந்தினராக இருப்பவருக்கும் கடமை உண்டு என்பதை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. கல்விக்காகவோ தொழிலுக்காகவோ தென் கொரியா செல்லும் நம் இளைஞர் சிலருக்கு, அந்நாட்டுக் குடும்பமொன்றில் சில நாட்கள் தங்கும் வாய்ப்புக் கிட்டலாம். அங்கே மனக்குறை நேர்ந்தாலும் விருந்தினரிடம் அதனை வாய்விட்டுரைக்க வீட்டார் பெரிதும் தயங்குவர். ஆதலின் நாமே முன்னறிந்து நடத்தல் வேண்டும்.

வாயிலினுள் சற்றுத் தாழ்ந்த இடமொன்று இருக்கும். பாதணிகளை அங்கேயே கழற்றி வைத்தல் முறை. இது நமக்கும் பழகிய வழக்கமே. எனினும் அங்கே இதற்கு மற்றுமொரு காரணமுண்டு. தொன்றுதொட்டுக் கொரியருக்குத் தரையே இருக்கை, தரையே படுக்கை. ‘ஒண்டோல்’ என்னும் முறைப்படி, முற்காலத்தில் அடுப்பின் வெப்பம் கற்பலகைகளின் கீழே ஓடித் தரையைச் சூடாக்கிற்று. இன்று மாடிக் குடியிருப்புகளிலும் தரைக்கடியிலுள்ள குழாய்களில் வெந்நீர் ஓடுகின்றது. பழைய வீடுகளில் அடுப்புக்கு அண்மையான சூடான இடத்தை முதியோருக்கும் விருந்தினருக்கும் அளிப்பர். அவ்விடத்தில் அமருமாறு நம்மைப் பணித்தால், வீட்டிலுள்ள பாட்டியார் எங்கே அமர்ந்திருக்கிறார் என்று முதலில் நோக்குதல் நன்று.

வெறுங்கையுடன் செல்லலாகாது, பழங்கள் கொண்டு செல்லலாம். எதனையும் இரு கைகளாலும் கொடுத்து, இரு கைகளாலும் வாங்குதல் வேண்டும். கொடுத்த பரிசை அவர்கள் உடனே பிரித்துப் பாராதிருப்பின் வருந்தற்க. அதுவும் அவர்களது மரியாதையே.

உணவு வேளையில், மூத்தவர் கரண்டியை எடுத்த பின்னரே மற்றவர் உண்ணத் தொடங்குவர். சோற்றையும் சாற்றையும் கரண்டியாலும், கறிவகைகளை உண்குச்சிகளாலும் உண்பர். குச்சிகளைச் சோற்றில் நட்டு வைத்தல் பெரும் பிழை. இறந்தோருக்குப் படைக்கும் சடங்கை அது நினைவூட்டும்.

நம்முள் மரக்கறி உணவினர் ஒன்றைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். ‘கிம்ச்சி’ என்னும் ஊறவைத்த கோவாவிலும் பெரும்பாலும் மீன்சாறோ உப்பிட்ட இறாலோ சேர்ந்திருக்கும். நாள் முழுதும் சமைத்த தாய், தம் விருந்தினர் எதனையும் தொடாதிருக்கக் கண்டால் எவ்வளவு வருந்துவார்! உணவின் முன் அமர்ந்து மறுப்பதினும், புறப்படுமுன்னரே ஒரு வரி எழுதித் தெரிவிப்பதே அன்பு.

உண்ணக் கூடிய அளவே எடுத்தலும் வேண்டும். 2013ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் உணவுக் கழிவின் அளவுக்கேற்பக் கட்டணம் அறவிடுகின்றனர். கழிவுகளை வகை பிரித்தே வெளியேற்றுகின்றனர். நாம் மிச்சம் வைப்பது வீட்டாருக்கு வேலையும் செலவும் ஆகும்.

பிறர் உள்ளத்தைக் குறிப்பால் உணரும் திறனைக் கொரியர் ‘நுன்ச்சி’ என்பர். ‘நுன்’ என்றால் கண். “இருங்கள், நாங்களே செய்கிறோம்” என்று வீட்டுத் தலைவி சொல்லும்போதே அவர் கைகள் களைத்திருப்பதைக் காண்பதும், இரவில் வீடு அடங்கும் நேரத்தை அறிந்து நாமும் அடங்குவதும் அத்திறனே ஆகும்.

கொரியர் தம் இல்லத்தை ‘என் வீடு’ என்னாது ‘எங்கள் வீடு’ என்றே கூறுவர். நாமும் அவ்வாறே சொல்லிப் பழகியவர்கள். அந்த ‘எங்கள்’ என்னும் சொல்லுக்குள் சில நாட்கள் நமக்கும் இடமளிப்போருக்கு, நம் வருகை சுமையாகாதிருக்கச் செய்வதே நாம் செலுத்தத்தக்க நன்றியாகும்.