கண்ணுக்குத் தெரியும் தீவு... பாலிசிக்குத் தெரியாத கடல்!

லங்காவிக்குப் போகிறவர்கள் தவறாமல் ஏறும் கேபிள் கார் அது. மாட் சின்சாங் மலையின் மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டிருந்தோம். கீழே அடர்ந்த காடு. அதன் காலடியில் தெலாகா படகுத்துறை. அதில் தீக்குச்சிகளை நட்டு வைத்ததுபோல வரிசையாகப் பாய்மரங்கள். வடக்கே, கடலுக்கு நடுவில் நீலமாக ஒரு பெரிய தீவு.

"அதோ தெரியுது பாரு மருமகளே, அதுதான் தருதாவ். தாய்லாந்து. என்னோட முப்பதாயிரம் வெள்ளி அங்கதான் போச்சு" என்றார் சித்தப்பா, ஏதோ பழைய வீட்டைக் காட்டுவதுபோல.

மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை 'வெள்ளி' என்றுதான் சொல்கிறார்கள். இவர் என் கணவரின் சித்தப்பா. சுங்கை பட்டாணியில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணத்தில் நம்மவர்கள் வீடு கட்டுவார்கள், பெண்ணுக்கு நகை சேர்ப்பார்கள். இவர் 36 அடி நீளத்தில் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினார். வருடத்தில் பாதி நாள் அவருக்கும் சித்திக்கும் அதுதான் வீடு. அதில் இரண்டு ராத்திரி தங்கத்தான் எங்களை அழைத்திருந்தார்கள்.

தண்ணீரில் ஒரு வீடு

படகுக்குள் இறங்கினால் ரயில் பெட்டியை நினைவூட்டும் அமைப்பு. இரண்டு படுக்கை, மடக்கும் மேஜை, இரண்டு பர்னர் அடுப்பு, மூலையில் சின்னதாக ஒரு பிள்ளையார் படம். "பசியாறுங்க" என்று சித்தி இடியாப்பமும் மீன் சம்பாலும் வைத்தார். தட்டு லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்துப் படகுகளில் ஆஸ்திரேலியர், பிரெஞ்சுக்காரர், நியூசிலாந்துக்காரர். பாதிப் பேர் வருடக்கணக்கில் இங்கேயே இருக்கிறார்கள்.

ஏன் இங்கே? தீர்வையில்லாத் தீவு என்பதால் பொருள்கள் மலிவு. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், லங்காவி இருக்கும் இடம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 6 பாகை. புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி தரும் விசை வேண்டும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அது குறைந்துவிடுகிறது. அதனால் நம் நாகப்பட்டினம், கடலூர் போல இங்கே வருடா வருடம் புயல் பயம் கிடையாது. இன்ஷூரன்ஸ் நிறுவனங்களுக்கும் இது தெரியும். புயல் பாதைக்கு வெளியே நிற்கும் படகென்றால் பொதுவாக பிரீமியம் குறையும்.

"ஆனா அந்த நம்பிக்கையிலயும் ஓட்டை இருக்கு" என்றார் சித்தப்பா. 2001 டிசம்பர் கடைசியில் சிங்கப்பூருக்கு அருகே, வெறும் 1.4 பாகையில், 'வாமெய்' என்ற புயல் உருவானது. அந்த இடத்தில் புயல் வருமென்று அதுவரை யாரும் நினைத்ததில்லை. 2004 சுனாமியின்போது தெலாகாவிலும் எதிரே உள்ள ரெபாக் தீவுத் துறையிலும் நின்ற படகுகள் சேதமாயின. ஆக, பத்திரமான கடல் என்று ஒன்று இல்லை. ஆபத்து எந்த வடிவில் வரும் என்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

தருதாவில் என்ன நடந்தது?

தருதாவ் தீவு 1938 முதல் சில ஆண்டுகள் கைதிகளை அடைத்துவைத்த இடம். 1974-ல் தேசியப் பூங்கா ஆனது. லங்காவியிலிருந்து காற்று ஒத்துழைத்தால் அரை நாள்கூட ஆகாது.

ஒரு ஏப்ரல் கடைசியில் சித்தப்பாவும் சித்தியும் அங்கே போய் நங்கூரம் போட்டிருக்கிறார்கள். பின்னிரவில் இடி மின்னலோடு திடீர்க் காற்று. நங்கூரம் பிடி விட்டு இழுபட்டது. இன்ஜினை உசுப்புவதற்குள் படகின் பின்புறம் பாறையில் மோதி, சுக்கான் வளைந்து, அடிப்பகுதியில் விரிசல். பக்கத்தில் நின்ற படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்து சேர்த்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை.

"இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு தைரியமா இருந்தோம்" என்றார் சித்தி. "போன் போட்டா, 'எங்கே நடந்தது'ன்னு கேட்டாங்க. தருதாவ்னு சொன்னோம். அதோட முடிஞ்சுது."

அவர்கள் பாலிசியில் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: மலேசியக் கடல் எல்லைக்குள் மட்டும்.

"குடிநுழைவு அலுவலகத்துல பாஸ்போர்ட்ல முத்திரை குத்திட்டுத்தான் போனேன். பாலிசியில அனுமதி வாங்கணும்னு தோணலை" என்று சிரித்தார் சித்தப்பா. சித்தி சிரிக்கவில்லை. "ரெண்டு பாலிசி கையில இருந்துச்சு. தாய்லாந்தையும் சேர்த்ததுக்கு வருஷத்துக்கு 600 வெள்ளி கூட. இவர் கடைசிப் பக்கத்துல இருந்த தொகையை மட்டும்தான் பார்த்தார்" என்றார். அந்த வருடம் மகள் வீட்டுக்குப் போகப் போட்டிருந்த விமான டிக்கெட்டை ரத்து செய்திருக்கிறார்கள். பேரன் பிறந்து எட்டு மாதம் கழித்துத்தான் முகம் பார்த்தாராம் சித்தி.

வரைபடத்தில் ஒரு கோடு

இந்தக் 'கோடு' விவகாரம் இவர்களுக்கு மட்டும் நடந்ததில்லை. கரீபியன் கடலில் கிரனாடா என்ற தீவு இருக்கிறது. கொடியிலேயே ஜாதிக்காய் வைத்திருக்கும் நாடு. 12 பாகையில் இருப்பதால் புயல் பாதைக்குத் தெற்கே என்று கருதி, புயல் மாதங்களில் அங்கே போய் நின்றால் போதும் என்று பல இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருந்தன. படகுகள் குவிந்தன. 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் புயல் நேராக அங்கேயே வந்தது. தீவின் வீடுகளில் பத்தில் ஒன்பது சேதம். கரையேற்றி நிறுத்தியிருந்த படகுகள் சீட்டுக்கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல், அதே நாட்டைச் சேர்ந்த கரியாகு தீவைத் தாக்கியது. அலையாத்திக் காட்டுக்குள் ஒதுங்கிய படகுகளும் தப்பவில்லை.

கோட்டுக்கு உள்ளே நின்றவர்களுக்குப் படகு போனாலும் பணமாவது கிடைக்க வழி இருந்தது. கோட்டுக்கு வெளியே நின்றால் அதுவும் இல்லை. கோடு புயலைத் தடுக்காது. காசு யார் கையிலிருந்து போகும் என்பதைத்தான் தீர்மானிக்கும்.

சித்தப்பாவின் ஐந்து கேள்விகள்

அடி வாங்கிய பிறகு சித்தப்பா பாலிசியை வரி வரியாகப் படித்திருக்கிறார். இப்போது படகுத்துறையில் புதிதாக வருகிறவர்கள் இவரிடம்தான் யோசனை கேட்கிறார்கள். அவர் சொல்லும் கேள்விகள்:

1. எங்கே, எந்த மாதம்? எந்தெந்த நாட்டுக் கடல் சேரும்? பெயரிடப்பட்ட புயலுக்குத் தனி நிபந்தனை உண்டா? புயலுக்கு மட்டும் நம் கைப்பங்கு இரட்டிப்பாகும் பாலிசிகள் உண்டு.

2. படகு முழுதாகப் போனால் எவ்வளவு? தொகையை முன்கூட்டியே இருவரும் ஒப்புக்கொள்வது ஒரு வகை. அன்றைய சந்தை விலையைக் கொடுப்பது இன்னொரு வகை. நம் டூ வீலர் விஷயத்தில் அனுபவித்த கதைதான். பழைய படகுக்கு இரண்டாவது வகை கையைக் கடிக்கும்.

3. மின்னலுக்கு என்ன? லங்காவிக் கடலில் புயலைவிட இதுதான் அன்றாட பயம். பாய்மரத்தில் மின்னல் இறங்கினால் ரேடியோ, ஜிபிஎஸ், பேட்டரி எல்லாம் ஒரே நொடியில் கருகும். புதுக் கருவி விலை கிடைக்குமா, தேய்மானம் கழித்தா என்று கேட்க வேண்டும்.

4. நம் படகால் மற்றவர்களுக்குச் சேதம் வந்தால்? இந்த மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பல படகுத்துறைகள் இடமே தருவதில்லை. மூழ்கிய படகை அகற்றும் செலவும் அதில் அடங்குமா என்று பார்க்க வேண்டும். இல்லாத படகுக்குச் செலவழிப்பதைப் போலக் கொடுமை கிடையாது.

5. எதற்கெல்லாம் கிடைக்காது? துரு, தேய்மானம், மரத்தைத் துளைக்கும் புழு இவற்றுக்குப் பொதுவாகக் கிடைக்காது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் 10 வருடத்தைத் தாண்டினால் மாற்றச் சொல்லும் நிறுவனங்கள் பல. வெப்பமும் உப்புக் காற்றும் சேர்ந்த இந்த ஊரில் கம்பி வெளியே பளபளக்கும், உள்ளே அரித்திருக்கும். சர்வே அறிக்கையில் சொன்ன பழுதைச் சரிசெய்யாமல் விட்டால் அதுவே பணம் மறுக்கக் காரணமாகிவிடும்.

"விலையை ஆறாவதாக் கேளு" என்றார் சித்தப்பா.

அன்று ராத்திரி மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தோம். மேற்கே, வெகு தூரத்தில், சத்தமில்லாமல் மின்னல் வெட்டிக்கொண்டே இருந்தது. சித்தி எழுந்து போய் ஒவ்வொரு கயிற்றையும் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து படுத்தார்.

திரும்பும் வழியில்

மறுநாள் கோலா கெடாவுக்குப் படகு ஏறினோம். ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம். கரை நெருங்கியதும் தெற்கே குனோங் ஜெராய் மலை தெரிந்தது. 1,217 மீட்டர். அந்தக் காலத்தில் வங்கக் கடலைத் தாண்டி வந்த கப்பல்களுக்கு இதுதான் அடையாளம். 1025-ல் ராஜேந்திர சோழன் படை வந்த கடாரம் இந்தக் கெடா மாநிலம்தான். அவர்களுக்கு எந்தப் பாலிசியும் இருந்திருக்காது.

சித்தப்பாவின் புதுப் பாலிசியில் புக்கெட் வரை தாய்லாந்துக் கடலும் சேர்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறார் சித்தி. டிசம்பரில் மறுபடி தருதாவ் போகிறார்களாம்.

படகில் என் கணவர் வெகு நேரம் மொபைலைப் பார்த்துக்கொண்டே வந்தார். எட்டிப் பார்த்தேன். ஆறு வருடமாக நாங்கள் பிரீமியம் கட்டிவரும் மருத்துவக் காப்பீட்டின் பாலிசி. 'எதற்கெல்லாம் கிடைக்காது' என்ற பக்கத்தை முதன்முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.