தீட்டாத வெண்மை

என் ஓவிய நண்பர் எங்குச் சென்றாலும் கைக்கடக்கமான ஏடொன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். சென்ற மாதம் ஒரு மாலை, சிங்கப்பூர் சிட்டி ஹால் நிலையத்தின் அருகே, செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் எதிரில் அவருடன் நின்றேன். வானம் கறுத்திருந்தது. நின்றபடியே ஏட்டைத் திறந்தவர், பத்து நிமிடம் ஆகுமுன் மூடிவிட்டார்.

வாங்கிப் பார்த்தேன். கோபுரம் சற்றே இடப்புறம் சாய்ந்திருந்தது. கூர்முனைச் சாளரங்கள் ஐந்தாறு கருங்கீற்றுகளாய் நின்றன. ஓரத்து மரநிழல் விரலால் தேய்த்த மைதான். சுவரோ இல்லவே இல்லை!

"சுவரை வரையாமல் விட்டுவிட்டீர்களே?"

"சுவரும் வெள்ளை, தாளும் வெள்ளை. இடையில் நான் புகுவானேன்?" என்று சிரித்தார்.

"சோம்பலுக்கு நல்ல சமாதானம்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிற்று. அத்தாளைக் கிழித்து என் கையில் தந்து, "படம் முடிந்துவிட்டதாகத் தோன்றும் நாளில் சொல்லுங்கள்" என்றார்.

மேசைக் கண்ணாடியின்கீழ் வைத்து நாள்தோறும் பார்க்கிறேன். ஒவ்வொரு சாளரக் கீற்றும் மேலே அழுத்தமாகத் தொடங்கிக் கீழே மெலிந்து மறைகிறது. அதனாலேயே மழைக்கு முந்திய அந்த வெளிச்சம் தாளில் இறங்கியிருக்கிறது. கோபுரக் கோடு நடுவே அறுந்துள்ளது. அதைக் கண் தானே இணைத்துக்கொள்கிறது. நிழற்படமாயின் ஒவ்வொரு கல்லையும் காட்டியிருக்கும். நானும் ஒருமுறை பார்த்துவிட்டு மறந்திருப்பேன்.

அந்த வெறுந்தாள்தான் என்னை விடவில்லை. ரொனால்ட் மெக்பர்சன் வடிவமைத்த அப்பேராலயத்திற்கு 1856இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1862இல் அது அருட்பொழிவு பெற்றது. எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் பனைவெல்லமும் அடித்துக் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்து, உட்சுவர்களிலும் தூண்களிலும் பூசினார்கள். காய்ந்தபின் உருண்டைக் கற்களால் பளபளக்கத் தேய்த்தார்கள். மெக்நேர் 1899இல் வெளியிட்ட நூலில் இச்செய்தி உள்ளது. இந்தக் கலவைக்குச் சென்னைச் சுண்ணம் என்றே பெயர்.

என் தந்தையாரும் சுண்ணாம்பு கரைத்தவர்தாம். கடைவீடுகளுக்கு வெள்ளையடிப்பது அவர் தொழில். மாலையில் வீடு திரும்பும்போது புருவமெல்லாம் வெளுத்திருக்கும். பள்ளியில் தந்த படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில், 'கட்டட மேற்பார்வையாளர்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. "என்னப்பா எழுதியிருக்கே?" என்று கேட்டார். "உங்கள் வேலையைத்தான்" என்றேன். வெடித்த விரல்களால் பேனாவைப் பற்றி, அதன்கீழ் மெல்லக் கையொப்பமிட்டார்.

நேற்று நண்பருக்குத் தொலைபேசினேன்.

"முடிந்துவிட்டதா?" என்றார்.

"சுவரைத் தொடவேண்டா. கோபுரந்தான் இன்னும் சாய்ந்திருக்கிறது" என்றேன்.