கால் மில்லிமீற்றர்

எங்கள் கராஜுக்குள் 1967ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. ஹறோவில் இருக்கிற ஒரு மென்பொருள் பொறியாளனுக்கு இது தேவையா என்று மனைவி கேட்டா. நியாயமான கேள்வி. 2023 ஆகஸ்ட் 29இல் யூலெஸ் லண்டன் முழுவதற்கும் வந்தபோது எங்கள் பழைய டீசல் காருக்கு நாளுக்கு 12.50 பவுண் கட்ட வேண்டி வந்தது, 40 வயது தாண்டிய காருக்கு ஒரு சதமும் இல்லை என்று கணக்குக் காட்டினேன். அவ நம்பவில்லை. உண்மையும் அதுவல்ல. கொக்குவிலில் அப்பா ஹயர் ஓடினது இதே காரில்தான். இதே 1098 சிசி எஞ்சின்.

கார் வரும்போதே நீலப் புகை விட்டுக்கொண்டுதான் வந்தது. கொம்பிரெஷன் பார்த்தோம். மூன்று சிலிண்டர்கள் 140 காட்டின, மூன்றாவது மட்டும் 85. பிளக் ஓட்டைக்குள்ளே ஒரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பார்த்தால் 120க்கு ஏறியது. "வால்வு இல்லை, ரிங்" என்றார் அப்பா. ஒயில் ஊற்றினதும் ஏறினால் காற்று பிஸ்டனைச் சுற்றித்தான் கசிகிறது என்று அர்த்தம். எழுபத்து மூன்று வயது. கண்ணாடி போட்டும் பேப்பர் படிக்கச் சிரமப்படுகிறவர், எஞ்சின் என்றதும் சத்தத்திலேயே பாதி சொல்லிவிடுகிறார்.

முழு எஞ்சினையும் செய்து தர ஒரு வேர்க்‌ஷொப்பில் 2,400 பவுண் கேட்டார்கள். வீட்டில் எனக்கு அனுமதி 600. எனவே நாங்களே கழற்றினோம். பிஸ்டன் தலையில் 020 என்று அடித்திருந்தது. முன்பு யாரோ சிலிண்டரை 20 தௌ பெரிதாக்கியிருக்கிறார்கள். "அளக்காமல் பிஸ்டன் வாங்காதை" என்றார் அப்பா. அளந்தோம். தேய்மானம் அளவுக்குள்தான் இருந்தது. அதனால் அதே அளவில் புதுப் பிஸ்டன், புது ரிங், ஹோனிங், அவ்வளவுதான். அளவு தாண்டியிருந்தால் மறுபடி கடைந்தே ஆகவேண்டும். அதில் மிச்சம் பிடித்தால் ஆறு மாதத்தில் திரும்பவும் நீலப் புகைதான்.

ஹோனிங் செய்து பார்க்காதவர்களுக்கு: பழைய சிலிண்டரின் சுவர் கண்ணாடி மாதிரி வழுவழு என்றிருக்கும். அதில் ஒயில் நிற்காது, புது ரிங்கும் படியாது. மூன்று சாணைக்கல் பூட்டிய கருவியை ட்ரில்லில் மாட்டி, சுற்றவிட்டபடியே மேலும் கீழும் இழுக்கவேண்டும். இழுக்கிற வேகம் சரியாக இருந்தால் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் விழும். ஒரே இடத்தில் நின்றால் அங்கே குழி விழுந்துவிடும். கல் காயாமல் இருக்க, பரஃபின் என்று இங்கே விற்கிற மண்ணெண்ணெயில் கொஞ்சம் ஒயில் கலந்து விட்டோம்.

அந்த மணம் வந்ததும் அப்பா ட்ரில்லை நிப்பாட்டிவிட்டு வெளியே போய் நின்றார்.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வர விடவில்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய மொறிஸும் ஒஸ்ரினும்தான் அதைத் தாங்கின. ஆனால் மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. மிச்சம் சிலிண்டர் சுவர் வழியே வடிந்து ஒயில் படலத்தைக் கழுவி, கீழே கிடக்கிற ஒயிலையும் தண்ணியாக்கிவிடும். பிறகென்ன, ரிங் தேயும். புது ரிங்குக்குத் தடை. 1995 ஒக்ரோபரில் அப்பா வேறொரு எஞ்சினின் ரிங்குகளை அரத்தால் ராவி, எங்கள் காருக்குப் போட்டார். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

திரும்பி வந்தபோது ட்ரில்லை என் மகளிடம் கொடுத்தார். ஒன்பது வயது. அவள் இங்கிலிஷில் கேட்பாள், அவர் தமிழில் சொல்வார். எப்படியோ நடக்கும். கீறல்களை டோர்ச் அடித்துக் காட்டி "கடகப் பின்னல் மாதிரி இருக்க வேணும்" என்றார். கடகம் என்றால் என்ன என்று காட்ட யூடியூபில் பனையோலை பின்னுவதைத் தேடவேண்டி வந்தது, அதில் அரை மணித்தியாலம் போனது. பிறகு சுடுதண்ணியும் சோப்பும் போட்டு, வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் வராத வரைக்கும் கழுவினோம். காய்ந்ததும் உடனே ஒயில் பூசவேண்டும், இல்லாவிட்டால் கண்முன்னே துருப்பிடிக்கும்.

அடுத்தது ரிங் இடைவெளி. ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி, அதன் இரண்டு நுனிகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கவேண்டும். எங்கள் எஞ்சினுக்குக் கால் மில்லிமீற்றர் அளவில் இருந்தால் சரி. குறைந்தால், சூட்டில் ரிங் விரிந்து நுனிகள் முட்டி, சிலிண்டரைக் கவ்வும். அப்பா ஒவ்வொரு ரிங்கையும் மூன்று தரம் அளந்தார். பிறகு என்னை அளக்கச் சொன்னார், மகளையும். நாலாம் தரமும் எடுத்தபோது "காணும் அப்பா" என்றேன்.

"அண்டைக்கு என்னட்டை இது இருக்கேல்லை. கண்ணாலதான் பாத்தனான்."

ஒக்ரோபர் 30 இரவு ஊரே வெளிக்கிட்டபோது, ரிங் மாற்றின அந்தக் காரில் ஒன்பது பேர். பின்சீற்றில் அப்பாச்சி. மழை. நாவற்குழிப் பாலத்துப் பக்கம் சனம் நெருக்கியடித்ததில் மணித்தியாலக் கணக்கில் முதல் கியரிலேயே ஊர்ந்து, செம்மணி வெளியில் எஞ்சின் இறுகி நின்றது. எனக்கு எட்டு வயது. அப்பாச்சியைச் சைக்கிளில் இருத்தி உருட்டினது நினைவிருக்கிறது. மூன்று கிழமையில் கொடிகாமத்தில், ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் அவ செத்துப் போனா.

"இன்னும் ரெண்டு தரம் அரத்தைப் போட்டிருந்தா கார் போயிருக்கும்" என்றார்.

நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். படியாத ரிங், ஒன்பது பேர் பாரம், மண்ணெண்ணெய், காற்றே படாத ரேடியேட்டர். இதில் எது காரணம் என்று எஞ்சினைக் கழற்றாமல் யாரும் சொல்ல ஏலாது என்றேன். அவர் தலையாட்டினார். சமாதானமானாரா என்று தெரியவில்லை. கேஜைத் துடைத்து உறையில் வைத்தார்.

கார் இப்போது ஓடுகிறது, புகை இல்லை. முதல் 500 மைலுக்கு 40க்கு மேலே போகக்கூடாது, இரண்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். இதுவரை 312. போன வெள்ளி அம்மா கோயிலுக்குப் போகப் பட்டுச்சேலையோடு கராஜ் வாசலில் வந்து நின்றா. நானும் அப்பாவும் ஏற்கெனவே உள்ளே இருந்தோம்.

"பஸ்ஸிலை வாவன்" என்றார் அப்பா.