ஆடாத ஊஞ்சல்

"ஃபிளாட்டில் தச்சு வேலையா? இடம் ஏது?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. என் சகதர்மிணியும் அதையேதான் கேட்டாள்.

எங்கள் சென்னை ஃபிளாட்டின் கூடம் பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஊர் வீட்டை விற்றுவிட்டு அம்மா எங்களோடு இருக்க வந்தபோது, பிடிவாதமாகக் கொண்டுவந்த ஒரே சாமான் அப்பா படுத்திருந்த தேக்கு ஊஞ்சல் பலகை. இங்கே மேலே மாட்டக் கொக்கி இல்லை. சுவரில் சாய்த்து வைத்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தாலோ கால் எட்டாமல் தொங்கும். "வந்த இடத்தில் விருந்தாளி மாதிரி இருக்குடா" என்பாள்.

ஒருநாள் அவளே சொன்னாள்: "சும்மா சாய்ந்திருக்கிற பலகையால் யாருக்கு என்ன பிரயோஜனம்? அறுத்து எனக்கு ஒரு ஸ்டூல் பண்ணிக் கொடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருப்பது ஒரே பலகை. தப்பாக அறுத்துவிட்டால்?

தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் வயதான தச்சரிடம் ஓடினேன். "மேஜை எதுக்கு சார்? எங்க தாத்தாவெல்லாம் தரையில் உட்கார்ந்து, காலாலேயே மரத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தவர். பாய் விரிக்க இடம் இருந்தால் போதும்" என்றார். ரம்பம், இழைப்புளி, இரண்டு உளி, மூலைமட்டம், தீட்டுக்கல் என்று ஜாபிதா கொடுத்தார். கூடவே புத்திமதியும்: "உளியைத் தீட்டாமல் மரத்தைத் திட்டாதீங்க!"

நார் ஓடும் திசையிலேயே இழைக்க வேண்டும். எதிர்த்து இழைத்தால் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். பச்சை மரம் உலர உலர அகலத்தில் சுருங்கும், நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது. அதனால்தான் அவசரப்பட்டுச் செய்த சாமானில் பொருத்து விட்டுப்போகிறது. எங்கள் பலகை பல வருஷம் உலர்ந்தது. அந்தப் பயம் இல்லை.

ரம்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமைப் பகல் மட்டும். கீழ்வீட்டுக்காரருக்குப் பயந்து, நாலாக மடித்த கம்பளியின்மேல் வைத்துத் துளை பொளிந்தேன். நாலு ஞாயிறு போயிற்று. ஸ்டூல் எழுந்து நின்றது. நின்றதா? ஆடியது!

நீளமாகத் தெரிந்த காலைக் கொஞ்சம் அறுத்தேன். மறுபக்கம் ஆடியது. அதையும் அறுத்தேன். பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் கதைதான்! பதினாறு அங்குலம் பதினாலரை ஆயிற்று. "இன்னும் இரண்டு ஞாயிறு போனால் மணையாகிவிடும்" என்றாள் சகதர்மிணி.

மறுபடியும் தச்சர்தான் காப்பாற்றினார். மட்டமான தரையில் நிறுத்தி, குட்டைக் காலுக்கு அடியில் அட்டை செருகி முதலில் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். பிறகு சிறு கட்டை ஒன்றின்மேல் பென்சிலைப் படுக்க வைத்து, கட்டையைத் தரையோடு நகர்த்தி, நாலு கால்களையும் சுற்றி ஒரே உயரத்தில் கோடு போட்டு, அந்தக் கோட்டில் அறுக்க வேண்டும். அவ்வளவுதான். இன்னும் அரை அங்குலம் போயிற்று, ஆட்டமும் போயிற்று.

அம்மா உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிந்தன. "இதுதான் என் உயரம். பதினாறு அங்குலம் என்று உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள்.

ஸ்டூலின் ஓரத்தில் ஊஞ்சல் சங்கிலி மாட்டிய துளை ஒன்று அப்படியே இருக்கிறது. அடைத்துவிடட்டுமா என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கீரை ஆயும்போதெல்லாம் அவள் இடது கை அந்தத் துளையைத் தடவிக்கொண்டே இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் எங்காவது ஒரு பலகை சாய்ந்திருக்கும். கொஞ்சம் பாருங்களேன்!