கொடி பிடிக்கிறவன் பார்த்த ஆட்டம்

பந்தைப் பார்க்காமல் ஃபுட்பால் பார்க்கப் பழகியவன் நான். மாவட்ட லீக்கில் லைன்ஸ்மேன். இப்போது உதவி நடுவர் என்கிறார்கள். வாங்குகிற திட்டு அதேதான்.

2022 நவம்பர் 22, கத்தாரின் லுசைல் மைதானம். உலகக் கோப்பை 'சி' பிரிவில் அர்ஜென்டினா, சவுதி அரேபியா. 36 ஆட்டங்களாகத் தோற்காத அர்ஜென்டினாவுக்கு 10ஆவது நிமிடத்திலேயே பெனால்டியில் கோல் போட்டார் மெஸ்ஸி. ஊரே அவரைப் பார்த்தது. எனக்குக் கண் போனது சவுதி தடுப்பு வரிசைமேல். பயிற்சியாளர் எர்வே ரெனார் அதை நடுக்கோட்டுப் பக்கமாக ஏற்றி நிறுத்தியிருந்தார். பாஸ் கிளம்பும்போது வரிசை முன்னே வரும். அர்ஜென்டினாவின் லவுத்தாரோ மார்ட்டினெஸ் எதிர்த்திசையில் பாய்வார். கொடிக்காரனுக்கு இதைவிடத் தலைவலி கிடையாது.

பாஸ் உதைக்கும் கணத்தில் வரிசையைத் தாண்டி நின்றால் ஆஃப்சைடு. அதனால் கண் வரிசையை விட்டு நகரக்கூடாது. உதைத்த கணத்தைக் காதுதான் பிடிக்க வேண்டும். எங்கள் மைதானத்தில் 'டப்'பென்று கேட்டுவிடும். அங்கே 88,012 பேர் கூச்சல். கேட்டாலும், 40 மீட்டர் தள்ளி உதைத்த சத்தம் வந்துசேர நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். அதற்குள் எதிரெதிராக ஓடும் இருவருக்கு நடுவே ஒரு மீட்டர் மாறிவிடும். லவுத்தாரோவின் முதல் கோல் தோளளவு ஆஃப்சைடில் போனது. கூரையடியில் இருந்த 12 கேமராக்களும் பந்துக்குள் இருந்த சென்சாரும் சொன்ன கணக்கு அது. நானாக இருந்தால் கோல் என்றுதான் ஓடியிருப்பேன்.

22ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி போட்ட கோலும் செல்லவில்லை. அங்கே பந்து வலைக்குள் போன பிறகே கொடி உயர்ந்தது. அந்தப் பொறுமை எனக்கு வரப் பல வருஷம் பிடித்தது. ஒருமுறை ஆஃப்சைடில் நின்ற பையனைப் பார்த்ததும் கொடியைத் தூக்கிவிட்டேன். பின்னாலிருந்து ஓடிவந்த இன்னொருவன், சரியான இடத்திலிருந்து, பந்தை எடுத்துப்போனான். விசில் ஊதியாயிற்று. "சார், அவன் பந்தைத் தொடவே இல்லையே" என்றான். பதிலில்லை.

முதல் பாதியில் ஏழு ஆஃப்சைடு, மூன்று கோல் ரத்து. இடைவேளைக்குப் பின் சவுதிக்கு 48இல் அல் ஷெஹ்ரி, 53இல் அல் தவ்ஸாரி. ஆட்டம் 2-1 என்று தலைகீழானது. அதன்பின் அர்ஜென்டினாவுக்கு மூன்றே ஆஃப்சைடு. சவுதி வரிசை பின்வாங்கியதும் காரணம்தான். ஆனால் அர்ஜென்டினா முன்வரிசைக்காரர்கள் ஓடுவதற்கு முன் அரையடி தயங்குவதாக எனக்குப் பட்டது. சிலர் ஓரக்கண்ணால் கோட்டோரம் பார்த்ததாகவும்கூட.