மூலையில் நிற்பவரின் மெழுகுதிரி

பிள்ளைகளே, நத்தார் நெருங்கும்போது பிலிமத்தலாவையில் பின்னேரப் பனி வாசல்வரை வந்துவிடும். அந்த நாட்களில்தான் அலுமாரி மேலிருந்து பாலன் குடிலின் சுரூபங்களை இறக்குவேன். சூசையப்பரின் கைத்தடி உடைந்துவிட்டது; சால்வையின் சாயமும் உரிந்துவிட்டது. ஆனாலும் அவருக்குப் பதில் புதிதொன்று வாங்க எனக்கு மனம் வந்ததில்லை.

நாற்பதைக் கடந்த வயதில், எனக்கு வரும் என்றிருந்த அதிபர் பதவி என்னிலும் இளையவருக்குப் போனது. மனம் புழுங்கிக் கிடந்த அந்த நாட்களில் கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்துக்குப் போனேன். டேவிட் பெயின்டர் (1900–1975) தீட்டிய நான்கு சுவரோவியங்கள் அங்கே உண்டு. ஒன்றில், ஒரு தாய் தன் இரு மக்களுக்கு இயேசுவின் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்டு நிற்கிறாள். இன்னொன்றில், அந்த இயேசுவே குனிந்து சீடரின் பாதம் கழுவுகிறார். நான் எந்தப் படத்தைச் சேர்ந்தவன் என்று என்னையே கேட்டேன். வெட்கமாயிருந்தது.

பின்பு குருவானவரான நண்பர் ஒருவர், கிறிஸ்து பிறப்பு ஓவியங்கள் நிறைந்த புத்தகமொன்றைத் திறந்து காட்டினார். கீழைத் திருச்சபையின் பழைய படங்களில் நடுவே இருண்ட குகை. அதில் கல்லறைப் பேழை போன்ற தொட்டி. பிரேதத்தைச் சுற்றுவதுபோல் துணி சுற்றிய குழந்தை. பிறப்பைத் தீட்டும்போதே இறப்பையும் தீட்டிவிட்டார்கள். எருதும் கழுதையும் நற்செய்தியில் இல்லை; தன் எசமானைக் கால்நடை அறியும், மனிதன் அறியான் என்று ஏசாயா வருந்தியதிலிருந்து வந்தவை. சூசையப்பரோ கீழ் மூலையில், கன்னத்தில் கைவைத்து, தனியே அமர்ந்திருக்கிறார்.

அடுத்த படம் 1420களில் ரொபர்ட் கம்பின் வரைந்தது. அதில் சூசையப்பர் முதியவர். ஒரு கையில் மெழுகுதிரி. காற்று அணைத்துவிடாமல் மறு கையால் சுடரை மறைத்துப் பிடித்திருக்கிறார். பொழுதோ விடிந்துவிட்டது. குழந்தையின் ஒளிக்கு முன்னால் அந்தச் சுடர் ஒரு பொருட்டே அல்ல. அவருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

அந்தக் கையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் வெளிச்சம் தேவைப்படுகிறதா என்பது நம் கணக்கல்ல. அதை அணையாமல் காப்பதே நம் கடமை. மறுநாள் வகுப்புக்குப் போனேன். ஓய்வு பெறும் நாள்வரை கரும்பலகையை விட்டு விலகவில்லை. பதவி கடைசிவரை வரவில்லை. மனப்புழுக்கம் மட்டும் மெல்ல மெல்ல ஆறியது.

ஓவியர்கள் மூலையில் வைத்த அந்த மனிதரைத்தான் வீரமாமுனிவர் 1726இல் காப்பியத் தலைவராக்கினார். தேம்பாவணியின் 3615 பாடல்களும் அவரைச் சுற்றியே நடக்கின்றன. தமிழில் தமக்கு இப்படியோர் இடம் கிடைக்கும் என்று எண்ணியா அவர் அன்றிரவு விழித்திருந்தார்?

பிள்ளைகளே, எல்லாருக்கும் காப்பியம் எழுதப்படாது, எனக்கும் எழுதப்படவில்லை. ஆனால் மூலைக்கல் இல்லாமல் சுவர் திரும்பாது. உங்களுக்குக் கிடைத்த இடம் ஓரமாயிருந்தால், பொறுத்து நில்லுங்கள். கையிலுள்ள சுடரைக் காற்றுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த வருடமும் சூசையப்பரைக் குடிலின் ஓரத்தில்தான் வைத்தேன். தடி உடைந்து வெறுமையான அந்தக் கையருகே, சிறு மெழுகுதிரி ஒன்றை ஏற்றினேன்.